டேட்டா ரெடி, ஆட்கள் ரெடியா?

இந்த எபிசோட்ல பேங்க் மைக்ரேஷன் பத்திப் பேசினோம் இல்லையா? நேரம் பத்தாம விட்டுப்போன கேள்வி ஒண்ணு இருக்கு: புது சிஸ்டத்துக்கு ஊழியர்கள் தயாரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியையே எடுத்துக்குவோம். முன்பு லாய்ட்ஸ் குழுமத்தில் இருந்த இந்த வங்கியை 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வாங்கியது. அதன் பிறகும் காசு கொடுத்து லாய்ட்ஸ் சிஸ்டத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஏப்ரலில், ஒரே வார இறுதியில், 5.2 மில்லியன் வாடிக்கையாளர்களைப் புது சிஸ்டத்துக்கு மாற்றினார்கள். டேட்டா ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் சிஸ்டம் தடுமாறியது. ஆப், வெப்சைட், போன், கிளை என எல்லாப் பக்கமும் அடி. நிலைமை சீராக டிசம்பர் ஆகிவிட்டது. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 48.65 மில்லியன் பவுண்டு.

என்ன தப்பு நடந்ததுன்னு ஆராய்ந்த ஸ்லாட்டர் அண்ட் மே சட்ட நிறுவனத்தின் 2019 அறிக்கை ரெண்டு விஷயத்தை அழுத்திச் சொல்கிறது. ஒன்று, முடிக்கும் தேதியை முதலில் வைத்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போட்டார்கள். இன்னொன்று, புது சிஸ்டத்தை இயக்க வேண்டிய சபாடெலின் ஐடி நிறுவனமே அதற்குத் தயாராக இல்லை.

சரி, 'தயார்'னா என்ன? பிரையன் வைனர் என்ற ஆய்வாளர் 2009-ல் அதை ரெண்டாகப் பிரித்தார்: மாற்றத்தைச் செய்யணும்கிற உறுதி, நம்மால் செய்ய முடியும்கிற நம்பிக்கை. ரெண்டும் ஒரு ஆளுக்கு இருந்தால் போதாது, மொத்த டீமுக்கும் இருக்கணும். 'ட்ரெய்னிங் 100% முடிந்தது'ன்னு ஸ்லைடில் போட்டால், அது வருகைப் பதிவேடு மட்டும்தான். நேரமும் ஆட்களும் கருவிகளும் கையில் இல்லாதவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வரும்?

வங்கியில் இதன் விலை அதிகம். ஒருத்தரோட சம்பளமோ வாடகையோ சிக்கிக்கொண்டால், கோபத்துக்கு முதலில் முகம் கொடுப்பது கவுன்டரிலும் கால் சென்டரிலும் இருப்பவர்கள்தான். என்னை மாதிரி கான்ட்ராக்டர்கள் புராஜெக்ட் முடிந்ததும் அடுத்த இடத்துக்குக் கிளம்பிடுவோம். அவங்க அங்கேயேதான் இருக்கணும்.

உங்களில் சிலர் சீக்கிரமே ஒரு வங்கி டீமில் உட்காரப் போறீங்க. கோ-லைவுக்கு முன்னாடி இந்த மூணையும் கேளுங்க:

1. உண்மையான வேலை நாள் கூட்டத்தோட, புது ஸ்கிரீனில் ஊழியர்கள் ஒத்திகை பார்த்தாங்களா?
2. சிஸ்டம் விழுந்தால் வாடிக்கையாளரிடம் என்ன சொல்லணும், யாரைக் கூப்பிடணும்னு அவங்களுக்குத் தெரியுமா?
3. 'நாங்க இன்னும் ரெடி இல்லை'ன்னு ஒருத்தர் சொன்னால், தேதி தள்ளிப் போகுமா?

மூணாவதுக்கு 'போகாது'ன்னு பதில் வந்தால், மத்த ரெண்டுக்கும் வர்ற 'ஆமா'வை நம்பாதீங்க. எப்படியும் நடக்கப் போற விஷயத்துக்கு யாருங்க 'இல்லை'ன்னு சொல்லுவா?