கட்டடப் பணியில் கழிவு வலைகள்

பருத்தி நூலால் வலை பின்னிய காலத்தில், கடலில் தவறிய வலை நாளடைவில் மக்கி மறைந்தது. 1950-களுக்குப் பின்னர் நைலான் பரவலாயிற்று. நைலான் எளிதில் மக்குவதில்லை. கைவிடப்பட்ட பின்னரும் அது மீனையும் ஆமையையும் சிக்கவைத்துக்கொண்டே இருக்கும். கடலுக்குக் கேடாகிய இதே குணம் கட்டடப் பொருளுக்கு வேண்டப்படும் குணமாகும்.

எனினும் பழைய வலை என்பது ஒரே பொருளன்று. நம் நாட்டுச் செவுள் வலைகள் பெரும்பாலும் நைலானாலும், இழுவலைகள் பெரும்பாலும் பாலிஎதிலீனாலும் ஆனவை. கயிறுகளிற் பல பாலிபுரோப்பிலீனாலானவை. நைலான் உருகுவதற்குச் சுமார் 220 பாகை செல்ஸியஸ் வெப்பம் வேண்டும். பாலிஎதிலீனுக்கோ 130 பாகையளவே போதும். இவற்றைக் கலந்து உருக்கினால் வலுவற்ற பண்டமே கிட்டும். ஆகவே, தரம் பிரித்தலே தலையாய வேலை.

இதற்கு ஒரு வாளி நன்னீர் போதுமானது. வலையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, முடிச்சுகளில் தங்கிய காற்று வெளியேறுமாறு நீருக்குள் பிசைந்து விடவேண்டும். நைலானின் அடர்த்தி 1.14, அது மூழ்கும். பாலிஎதிலீன் (0.95), பாலிபுரோப்பிலீன் (0.91) ஆகியவை மிதக்கும். பாலியெஸ்டரும் மூழ்குமாதலால், மூழ்கியதெல்லாம் நைலான் என்று கொள்ளலாகாது. பள்ளிகளிலும் இதனை எளிதிற் செய்து காட்டலாம்.

பிரித்தெடுத்த நைலானை இரசாயன முறையில் அதன் மூலப்பொருளான கேப்ரோலாக்டமாக மாற்றி, மீண்டும் இழையாக நூற்கலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் டனஹோன் திட்டுப் பகுதியில் 2012-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், மீனவர் சேகரித்து விற்ற வலைகள் இவ்வாறு இழையாகி, அலுவலகத் தளங்களுக்குரிய விரிப்புகளாயின.

இழையாக நூற்காமலே பயன்படுத்தும் வழியும் உண்டு. கழிவு வலையின் நைலான் இழைகளை நறுக்கிச் சிமெண்டுச் சாந்தில் கலந்து இத்தாலிய ஆராய்ச்சியாளர் செய்த சோதனைகளின் முடிவு 2015-இல் வெளியாயிற்று. சாந்தின் இழுவலிமை 35 சதவிகிதம் வரையும், உடையுமுன் ஆற்றலைத் தாங்கும் திறன் 13 மடங்கு வரையும் உயர்ந்தன. இவை மேல்வரம்புகளே; இழையின் நீளத்திற்கும் அளவிற்கும் ஏற்பப் பயன் வேறுபடும். இழைகள் விரிசல் பெருகாமல் தடுக்குமேயன்றி, உத்திரத்திலும் தூணிலும் இரும்புக் கம்பிக்கு ஈடாகா.

வலையை நறுக்குமுன் அடிக்கயிற்றிலுள்ள ஈயக் குண்டுகளைக் களைந்துவிடவேண்டும். நன்னீரில் பன்முறை அலசுதலும் இன்றியமையாதது. வலையில் எஞ்சிய கடலுப்பு கான்கிரீட்டினுட் புகுந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.