மொட்டைமாடி ரேடியோ: எர்த் எப்படி, பவர் எவ்வளவு?

கேபிள் இழுக்க முடியாத இடத்துக்கு இணையத்தைக் கொண்டுபோக, இரண்டு கட்டடங்களின் உச்சியில் எதிரெதிராக ஆன்டெனாக்களை நிறுத்தி ரேடியோ இணைப்பு கொடுக்கிறார்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களோடு சேர்த்த நெடுந்தொலைவு வைஃபை இந்த வகைதான். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதில் துணை நின்றார்கள். கருவியின் விலை குறைந்துவிட்டதால் இன்று யாரும் இதைப் பொருத்திவிடலாம். ஆனால் எர்த் கொடுப்பதிலும் டிரான்ஸ்மிட் பவர் வைப்பதிலும் இன்னும் பழைய தவறுகளே நடக்கின்றன.

ஆன்டெனாவின் மேல் மின்னல் நேராக விழுவது அரிது. விழுந்தால் எந்தப் பாதுகாப்பும் கருவியைக் காப்பாற்றும் என்று சொல்வதற்கில்லை; கட்டடமும் ஆட்களும் தப்புவதே அப்போது முக்கியம். பெரும்பாலும் ரேடியோவைக் கெடுப்பது அக்கம்பக்கத்தில் விழும் மின்னல், நீளமான ஈதர்நெட் கேபிளில் தூண்டிவிடும் மின்னெழுச்சி.

ஆன்டெனா நிற்கும் கம்பத்துக்கென்று தனியாக ஒரு எர்த் குழி வெட்டி, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவதைப் பலர் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் இதுதான் மிக ஆபத்தானது. 10 ஓம் தடையுள்ள குழியில் 30,000 ஆம்பியர் மின்னல் இறங்கினால், ஓம் விதிப்படி அந்தக் குழியின் மின்னழுத்தம் 3 லட்சம் வோல்ட்டுக்கு எகிறும். வீட்டு எர்த் அப்போது ஏறக்குறைய பூஜ்யத்திலேயே இருக்கும். இடையிலுள்ள ஒரே பாலம் ஈதர்நெட் கேபிள் என்பதால், மின்சாரம் அதன் வழியாக அடாப்டர், சுவிட்ச், கணினி என்று எல்லாவற்றையும் கருக்கிக்கொண்டு பாயும். குழி இரண்டானாலும் மூன்றானாலும் அவற்றைத் தடித்த கடத்தியால் ஒன்றோடொன்று பிணைத்தே ஆக வேண்டும். எல்லாம் சேர்ந்து உயர்ந்தால் நடுவில் வேறுபாடு இராது. நியூட்ரல் கம்பியை எர்த்தாகப் பயன்படுத்துவது ஒருபோதும் கூடாது.

கம்பத்திலிருந்து இறங்கும் கடத்தியின் நீளமும் வளைவும் சாதாரண விஷயமல்ல. ஒரு மீட்டர் கடத்திக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி தூண்டம் உண்டு. மைக்ரோவினாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் ஏறும் மின்னோட்டம் 10 மீட்டர் கடத்தியில் 1 லட்சம் வோல்ட்டை உண்டாக்கும். மிச்சக் கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டிவைத்தால் தூண்டம் இன்னும் கூடும். அகலமான பட்டையை நேராக, குறுகிய வழியில் இறக்குவதே சரி. உறையுள்ள கேபிளும், அதன் இரு முனைகளிலும் சர்ஜ் புரொடெக்டரும் தேவை. ஒன்று ரேடியோவின் அருகில், மற்றொன்று கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில். செம்பையும் நாகப்பூச்சு இரும்பையும் நேரடியாக முறுக்கி இணைத்தால் மழையில் அரித்துப்போகும். உப்பும் கரியும் போட்ட குழி தடையைக் குறைக்கும் என்றாலும், உப்பு மின்முனையையே தின்னும். அதனால் கோடையில் தண்ணீர் ஊற்றுவதோடு தடையை அளந்தும் பார்க்க வேண்டும்.

பவரில் தவறு வேறு மாதிரி. உச்சத்தில் வைத்தால் இணைப்பு வலுவாகும் என்று நினைத்து அமைப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்திய அரசு 2005இல் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கருவியின் உச்ச வெளியீடு 1 வாட், ஆன்டெனா குவித்து வீசும் திறனின் உச்சம் 4 வாட், அதாவது 36 டிபிஎம். கருவியின் வெளியீட்டோடு ஆன்டெனாவின் பெருக்கத்தைக் கூட்டி, கேபிள் இழப்பைக் கழித்தால் வீசும் திறன் வரும். 24 டிபிஐ பெருக்கமுள்ள கிரிட் ஆன்டெனா போட்டால் கருவியில் 12 டிபிஎம், அதாவது 16 மில்லிவாட் போதும், இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால். அதையே 27 டிபிஎம் என்று வைத்தால் 120 வாட்டுக்கு மேல் வீசும்.

வரம்புக்குள் இருந்தால் இணைப்பு நலிந்துவிடுமா? 5 கிலோமீட்டரில் வெற்றுவெளி இழப்பு சுமார் 114 டெசிபெல். எதிர்முனையிலும் 24 டிபிஐ ஆன்டெனா இருந்தால் 36 கழித்தல் 114 கூட்டல் 24, அதாவது மைனஸ் 54 டிபிஎம் கிடைக்கும். இது வேகமான இணைப்புக்கு ஏராளம். அதற்கு மேல் ஏற்றினால் வாங்கும் ரேடியோ திணறக்கூடும், பெருக்கி உச்சத்தில் அலையைச் சிதைக்கும், பக்கத்து இணைப்புக்கும் இரைச்சல் போகும். சிக்னல் குறைந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை ஆன்டெனாவின் திசையும் நடுவிலுள்ள மரமும்தான்.

கருவியை மேசையில் சோதிக்கும்போது ஆன்டெனாவோ சுமையோ இணைக்காமல் ரேடியோ அலையை அனுப்பக் கூடாது. வெளியேற வழியில்லாத திறன் திரும்பி வந்து பெருக்கியைச் சுடும். இரண்டு ரேடியோக்களை அருகருகே வைத்துச் சோதிப்பவர்கள் நடுவில் தணிப்பானைச் சேர்த்து, பவரைக் குறைத்தே தொடங்குகிறார்கள். கம்பத்தில் ஏறுவதற்கு முன் கருவியை அணைக்க வேண்டும். இடி முழங்கும்போது ஏறவே கூடாது.