ஆய்வரங்கும் தேநீரும்: கேமரன் மலையில் ஒரு மாணவர் சங்கம்

பல்கலைக்கழகங்களில் இயங்கும் பட்டமேற்படிப்பு மாணவர் சங்கங்கள் தம் ஆண்டு நடவடிக்கைகளை இரு பிரிவாக வகுத்துக்கொள்வது வழக்கம். கருத்தரங்கு, ஆய்வேட்டு முன்னோட்டம், ஆய்வுநெறிப் பட்டறை ஆகியன ஆய்வு நடவடிக்கைகள். விருந்து, சுற்றுலா, பொங்கல் விழா ஆகியன சமூக நடவடிக்கைகள். நிதி விண்ணப்பப் படிவத்திலும் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. இப்பகுப்பு அலுவலக வசதிக்கு ஏற்றதேயன்றி ஆய்வின் இயல்புக்கு ஏற்றதன்று. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மாணவர் குழுவொன்றுடன் நான் கழித்த இரண்டு நாள்களை முன்வைத்து இதனை விளக்க விரும்புகிறேன்.

முனைவர் பட்டத்திற்காக நான் பயின்ற அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே வாரந்தோறும் கருத்தரங்கு நடத்துவர். அரங்கினுள் எழும் வினாக்கள் மரியாதையானவை. பின்னர்த் தேநீர்க் கோப்பையுடன் நிற்கும்போதுதான் யாரேனும் ஒருவர் அருகில் வந்து, மூன்றாம் இயலின் அடிப்படையே தவறு என்பார். என் ஆய்வேடு அவ்வாறு இருமுறை திருத்தம் பெற்றது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மரபு இல்லாமலில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பெற்றது. அங்குப் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் அதன் முதல் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அறிஞர் கூடும் மரபு அவ்வாறு வளர, மாணவர் மக்களிடம் செல்லும் மரபு வேறு வழியில் வளர்ந்தது. 1974இல் பாலிங் வட்டாரச் சிறுதோட்டக்காரர்களின் வறுமையை முன்னிட்டு மாணவர்கள் தலைநகரில் திரண்டனர். மறு ஆண்டே, 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. அதன்பின் வளாகத்துக்கு வெளியிலான நம் மாணவர் செயற்பாடு பெரும்பாலும் கல்விப்பணி என்னும் வடிவையே மேற்கொண்டது எனலாம். எம். தம்பிராஜா தலைமையில் 1982இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம் அதற்குத் தக்க சான்று. அதில் ஈடுபட்டோர் கற்பிக்கச் சென்றனர். கேட்டறியச் செல்வது பிறிதொரு பணி. அதற்கு நம்மிடம் பயிற்சி குறைவு.

இனி, கேமரன் மலையைத் தேர்ந்தமைக்கான காரணம். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்குச் சென்றதால் பெயர் பெற்ற இம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தோட்டத்தை நிறுவினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. காடழித்து, கன்று நட்டு, கொழுந்து பறித்தோருள் தமிழர் பெருந்தொகையினர். ஆயினும் மலேசியத் தோட்டப்புறம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ரப்பர்த் தோட்டமே. 1970இல் வெளிவந்த ரவீந்திர ஜெயினின் நூல் ரப்பர்த் தோட்டத்தை ஆராய்ந்தது. நம் புதினங்களும் சிறுகதைகளும் பெரும்பாலும் பால்மரக் காட்டிலேயே உலவுகின்றன. இலங்கை மலையகத்திற்கு வாய்த்த சி. வி. வேலுப்பிள்ளையைப் போன்ற ஒரு பாடல் தொகுப்பாளர் நம் தேயிலை மலைக்கு வாய்க்கவில்லை.

இரண்டும் தோட்டமே எனினும் வேலைமுறை வேறு. பால்வெட்டுபவர் விடியற்காலையில் தமக்குரிய மரங்களிடையே பெரும்பாலும் தனித்து நடப்பவர். கொழுந்து பறிப்போரோ அருகருகே நிரையாக நகர்வர். கூடை நிறைந்ததும் நிறுவைக்குச் சென்று மீள்வர். பேச்சும் கதையும் பழமொழியும் இவ்விரு சூழலிலும் ஒரே வகையாக வழங்கியிருக்க இயலாது. இன்று கைப்பறிப்பின் இடத்தைக் கத்தரியும் இயந்திரமும் பெருமளவு பிடித்துவிட்டன. வேலையில் இருப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர். பழைய வேலைமுறையை அறிந்த தமிழ் முதியோர் அருகிவருகின்றனர். ஆகவே இப்பணியைத் தள்ளிப்போட இயலாது.

சங்கத்தார் முதலில் வகுத்த நிகழ்ச்சிநிரலில் தொழிற்சாலைப் பார்வை, ஸ்ட்ராபெரிப் பண்ணை, தானா ராத்தா விடுதியில் ஆய்வரங்கு ஆகியன இடம்பெற்றன. 'தோட்ட மக்களுடன் சந்திப்பு' என ஒரு மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பாட்டியிடம் வளர்ந்த மாணவி ஒருவர், அந்த ஒரு மணி நேரத்தில் தேநீர் ஆறவே சரியாயிருக்கும் என்றார். அதன்பின் ஆய்வரங்கே தோட்டத்துக் கோயில் மண்டபத்திற்கு மாற்றப்பட்டது. எட்டுக் கட்டுரைகள் இரண்டாகக் குறைந்தன. எளிய தமிழில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது விதி.

முதற் கட்டுரையாளர், பெண்கள் பாடியவாறே கொழுந்து பறித்தனர் என்றார். முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டி சிரித்துவிட்டார். "தம்பி, கூடை முதுகுல ஏறுனப்புறம் பாட்டு எங்க வரும்?" என்று கேட்டார். மழையில் நனைந்த கூடையின் பாரம், விரைந்து பறிக்கச் சொல்லும் கங்காணியின் குரல் ஆகியவற்றை விவரித்தார். பேச்செல்லாம் நிறுவைக்குக் காத்திருக்கும் பொழுதில்தான்; பாட்டு வீட்டில் தாலாட்டாகவும், சாவில் ஒப்பாரியாகவும், திருவிழா இரவில் கும்மியாகவும் வந்தது என்றார். மாணவரின் ஓர் இயல் அங்கேயே சரிந்தது. நிரையாக நகர்வோரிடம் பாட்டு தானே பிறந்திருக்கும் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

அன்றிரவு நேர்ந்த பிறிதொன்று இதனினும் கடினமானது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தோட்டத்து வீடு வேலையோடு பிணைந்தது என்றும், மகன் வேலையை விட்டால் குடும்பம் எங்கே செல்லும் என்றும் மனம்விட்டுப் பேசினார். நிகழ்ச்சி முடிந்து தேநீர் அருந்துகையில் எங்களிடம் வந்து, "அய்யா, அத மட்டும் அழிச்சிடுங்க" என்றார். ஒப்புதல் படிவத்தில் அவர் கையொப்பம் இருந்தது. விடுதியில் நள்ளிரவு வரை விவாதம் நடந்தது. பெயரை நீக்கினால் போதும் என்றார் ஒருவர். சிறிய தோட்டத்தில் பெயரின்றியும் ஆளை அறிவர் என்றார் மற்றொருவர். பதிவை வைத்துக்கொள்ளலாம் என்றே நானும் முதலில் எண்ணினேன். மறுநாள் காலை அவர் வீட்டுக்குச் சென்று, அவர் முன்னிலையிலேயே அப்பகுதியை அழித்தனர். அதுவே சரி. மேடையிலிருந்து மட்டுமே கேட்டுத் திரும்பியிருப்பின் அவர் அச்சத்தை அறிந்திருக்கவே மாட்டோம்.

எஞ்சிய ஒலிப்பதிவுகளின் படிகள் பேசியவர்களுக்கும் கோயிலுக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் சில மாதங்களில் வழங்கப்பட்டன. எழுத்துப்படியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தரும்படி அம்மூதாட்டி கேட்டிருந்தார். அச்செலவைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சங்கப் பொருளாளர் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.