குப்பைமேட்டில் வளர்ந்த காடு

ஒரு நிலத்தின் மதிப்பைக் கணிக்க வங்கியில் நாங்கள் பின்பற்றும் முறை எளியது. அமைவிடம், பரப்பளவு, எழுப்பத்தக்க கட்டடத்தின் அளவு, அக்கம்பக்கத்தில் அண்மையில் நடந்த விற்பனை ஆகியவற்றை மதிப்பீட்டாளர் குறித்துத் தருவார். இந்த முறையில் மும்பை மாஹிமிலுள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவை மதிப்பிட்டால் வரும் தொகை எவரையும் திகைக்க வைக்கும். பரப்பு 37 ஏக்கர். ஒருபுறம் மித்தி ஆறு; ஆற்றைக் கடந்தால் நாட்டின் விலையுயர்ந்த அலுவலக வட்டாரமான பாந்த்ரா-குர்லா வளாகம். மறுபுறம் சாலைக்கு அப்பால் தாராவி. ஆனால் அங்கு நிற்கும் ஆயிரக்கணக்கான மரங்களுக்கு அந்த மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரிகூட இராது.

இந்த இடம் முன்பு மாநகரின் குப்பைக் கிடங்கு. அதனைக் காடாக மாற்றலாம் என்ற எண்ணத்தை உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளையினர் முன்வைத்தனர். 1983ஆம் ஆண்டில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி இங்கே முதல் மரக்கன்றை நட்டார். பூங்கா 1994 ஏப்ரல் 22, புவி நாளன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கன்றுக்கும் கதவு திறந்ததற்கும் இடையே பதினோரு ஆண்டுகள்! வைப்புத்தொகை முதிர்வதற்குக் காத்திருப்போருக்கு இந்தப் பொறுமையின் அருமை புரியும்.

குப்பையின்மீது மண் பரப்பி மரம் நடுவது எளிய வேலையன்று. அடியில் மட்கும் கழிவு வெப்பத்தையும் வாயுவையும் வெளியிடும். மேல்மண்ணில் சத்து குறைவு. வேர் பிடித்த மரங்கள் உதிர்க்கும் இலைகள் மட்கி, மண்புழு பெருகி, மண் தானாகவே வளம் பெற வேண்டும். பிறகு பறவைகள் வந்து, யாரும் நடாத விதைகளையும் கொண்டு சேர்க்கும். இன்று இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. மழைநீரைச் சேமிக்கும் குளமும் உண்டு; அந்நீரே செடிகளுக்குப் பாய்கிறது.

இதனால் மக்களுக்கு என்ன பயன்? மரநிழல் வெயிலின் கடுமையைத் தணிக்கிறது. இலைகள் தூசியைப் பிடித்து வைக்கின்றன. தகரக் கூரைகளின்கீழ் நெருங்கி வாழும் தாராவி மக்களுக்கு இவை சிறிய உதவிகளல்ல. மழைநீரின் கணக்கு இன்னும் முக்கியம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது மித்தி ஆறு கரை கடந்து பெருந்துயர் விளைவித்ததை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கான்கிரீட் போடாத மண்ணும் ஆற்றோரத்து அலையாத்தி மரங்களும் அத்தகைய வெள்ளத்தை முற்றாகத் தடுத்துவிடா. ஆயினும் நீர் இறங்கவும் தேங்கவும் இடம் தரும். அந்த இடத்தை அடைத்துவிட்டால் வெள்ளம் வீடுகளைத்தான் நாடும்.

ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி தேவை என்பது மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல். மும்பையில் அது இரண்டு சதுர மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இத்தகைய நகரில் 37 ஏக்கர்மீது பலரது பார்வை விழுவது இயல்பே. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் பூங்கா சேர்க்கப்படுமோ என்ற அச்சம் எழுந்து, வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. பூங்கா திட்டத்தில் இல்லை என்று அங்கே உறுதி தரப்பட்டது. தாராவி மக்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் மரத்தடியில் நிற்பதற்கு அருகில் இருப்பது இந்தப் பூங்காதான்.

பாந்த்ரா-சயான் இணைப்புச் சாலையில், சயான் ரயில் நிலையத்திலிருந்து சிறிது தொலைவிலேயே பூங்கா அமைந்துள்ளது. சிறு நுழைவுக் கட்டணம் உண்டு. பட்டாம்பூச்சிகளைக் காண விரும்புவோர் மழை ஓய்ந்ததும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், காலை வேளையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம்.