பைக்கில் விழுந்த பிறகு பல் சேரவில்லையா? தாடை உடைந்திருக்கலாம்!

பைக்கில் இருந்து விழுந்தால் கை, காலைத்தான் முதலில் பார்ப்போம். முகம் வீங்கினால் ஐஸ் ஒத்தடம் கொடுத்துவிட்டு இருந்துவிடுவோம். ஆனால், வாயை மூடும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் வழக்கம்போல் சேராவிட்டாலோ, கீழ் உதடு மரத்துப்போனாலோ தாடை எலும்பு உடைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முன்பெல்லாம் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, 4 முதல் 6 வாரம் வரை வாயைத் திறக்கவிடாமல் வைப்பார்கள். கஞ்சியும் ஜூஸும்தான் சாப்பாடு. இப்போது பெரும்பாலும் சிறிய டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பை இணைக்கிறார்கள். பல் சரியாகச் சேர்கிறதா என்று பார்த்துத்தான் தகட்டைப் பொருத்துவார்கள். பல நேரம் வாய்க்குள்ளேயே கீறல் போடுவதால் வெளியே தழும்பும் தெரியாது.

வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகவே ஒட்டிக்கொள்ளலாம். பிறகு அதை மறுபடி வெட்டித்தான் நேராக்க வேண்டிவரும்.