தட்டம்மையும் உடலின் முதற்காவலும்

நம் வீடுகளில் மணல்வாரி என வழங்கும் தட்டம்மை ஒருவகை வைரஸால் வருவது. வைரஸ் புகுந்த உயிரணு 'இன்டர்பெரான்' என்னும் புரதத்தைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரிக்கும். 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் இருவரும் கண்டறிந்த இப்புரதம் உடலின் முதற்காவலைச் சார்ந்தது.

இயற்கை வைரஸ் இக்காவலை ஏய்க்க வல்லது. அதன் 'வி' என்னும் புரதம் எச்சரிக்கையை அடக்குகிறது. காய்ச்சல் தோன்றுமுன் ஏறத்தாழப் பத்து நாள்கள் வைரஸ் உள்ளே ஓசையின்றிப் பெருகுகிறது. முன்பு கண்ட நோய்களைப் பற்றி உடல் கொண்டிருந்த நினைவையும் அது அழிக்கிறது.

தடுப்பூசி வைரஸும் அக்குலத்ததே. 1954-இல் பாஸ்டனில் எண்டர்ஸ், பீபிள்ஸ் இருவரும் பிரித்தெடுத்த வைரஸ், கோழிக்கரு முதலியவற்றில் பன்முறை வளர்க்கப்பெற்று வலுவிழந்தது. அவ்வளர்ப்பில் தோன்றும் குறைபட்ட ஆர்.என்.ஏ. துண்டுகள் முதற்காவலை நன்கு எழுப்புவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆக, நோயின் கொடுமையின்றி உடல் பகைவனை அறிந்துகொள்கிறது.

இந்தியாவில் 9 மாதம் நிறைந்ததும் முதல் ஊசியும், 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவதும் இடப்படுகின்றன. ஊர்விட்டு ஊர் பெயரும் நம்மவரிடையே இரண்டாவது தவறிவிடுதல் எளிது. ஊசி அட்டையை உடன்கொண்டு செல்வோமாக. எம்மாநிலத்து அரசு மருத்துவமனையிலும் அதனை இலவசமாகப் பெறலாம்.