சின்ன எஞ்சின், பெரிய வேலை

தெருவில் ஓடும் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் கோயம்புத்தூர் கரிவர்தன். காரின் பெயர் ஃபார்முலா மாருதி. வெளிநாட்டுப் பந்தயக் கார் பெரும் செல்வர்களுக்கே எட்டிய காலம் அது. உள்ளூர் எஞ்சின் வந்ததும் செலவு குறைந்தது, இளைஞர்கள் களமிறங்கினார்கள். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கூட, ஸ்ரீபெரும்புதூரில் இந்தக் காரில்தான் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார்.

இவ்வளவு எளிய காரை எதற்குப் பாதுகாக்க வேண்டும், பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறிய பிறகு அதில் அசல் எது என்று சிலர் கேட்கலாம். காரைக்குடிக்காரர்களுக்குப் பதில் தெரியும். செட்டிநாட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றுகிறோம். அதனால் அது வேறு வீடாகிவிடுவதில்லை. வளவும் தூண்களும் நிற்கும்வரை அது அதே வீடுதான். பந்தயக் காருக்குச் சட்டகமும் வடிவமைப்பும் அப்படித்தான். அதன் மதிப்பும் விலையில் இல்லை, எத்தனை பேருக்கு வழி திறந்தது என்பதில் இருக்கிறது. ஆகவே, பழைய பட்டறையில் அப்படியொரு கார் கிடந்தால், தயவுசெய்து இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள்.